20 கஜத்துக்குள் வந்தால்தான் அம்பு... கொலராடோ மலையில் ஓர் எல்க் வேட்டைக்காரரின் செப்டம்பர்!

அந்த எல்க் மான் 35 கஜ தூரத்தில் நின்றிருந்தது. பக்கவாட்டில், முழு உடம்பும் தெரியும்படி. கொம்பில் பக்கத்துக்கு ஆறு கிளைகள். அவர் கையில் வில் இருந்தது, நாணில் அம்பு இருந்தது, பாக்கெட்டில் லைசென்ஸும் இருந்தது. ஆனாலும் அவர் நாணை இழுக்கவில்லை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கன்னிசன் பக்கம் தச்சு வேலை பார்ப்பவர் அவர். வயது 46. செப்டம்பர் வந்தால் வேலையை மூட்டை கட்டிவிட்டு மலையேறிவிடுவார். எல்க் மான்களின் இணை சேரும் காலம் அது. வில் வேட்டைக்கான சீஸனும் அதுதான்.

எல்க், நம்மூர் கடமானுக்குப் பெரிய அண்ணன் மாதிரி. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கே கதை வேறு. எத்தனை பேருக்கு, எந்தப் பகுதியில், எந்த நாள்களில் என்று மாநில அரசே வரையறுத்து லைசென்ஸ் தருகிறது. 1949 ஜனவரி 1 முதல் பிறந்த யாராக இருந்தாலும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறியிருக்க வேண்டும். சுட்ட மானின் இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவதும் குற்றம். கொம்புக்காக மட்டும் கொல்ல முடியாது.

இவ்வளவு இருந்தும் அவர் ஏன் அம்பு விடவில்லை? காரணம் நான்கு வருஷம் பழையது.

அப்போது அவர் ரிகர்வ் வில்லுக்கு மாறிய புதிது. இன்று பெரும்பாலானவர்கள் வைத்திருப்பது காம்பவுண்ட் வில். இழுத்து முடித்ததும் பாரத்தின் பெரும்பகுதியை அதிலுள்ள சக்கரங்கள் வாங்கிக்கொள்ளும். குறி பார்க்கக் கருவியும் உண்டு. ரிகர்வில் அதெல்லாம் கிடையாது. மரமும் நாணும்தான். அவருடைய வில்லின் இழுவிசை 50 பவுண்ட், சுமார் 23 கிலோ. அந்த மொத்த பாரமும் மூன்று விரல்களில் நிற்கும். சில விநாடிகளுக்கு மேல் பிடித்திருந்தால் கை நடுங்க ஆரம்பித்துவிடும்.

அன்று 32 கஜத்தில் ஒரு ஆண் எல்க். வீட்டுக் கொல்லையில் அந்த தூரத்தில் பத்துக்கு ஏழு அம்பு குறியில் விழுந்திருக்கிறது. அந்தத் தைரியத்தில் விட்டார். மான் ஓர் அடி நகர்ந்தது. முன்காலுக்குப் பின்னால், நுரையீரலில் பாய வேண்டிய அம்பு வயிற்றில் பாய்ந்தது. கீழே கிடந்த அம்பில் பச்சை கலந்த கறை. வயிற்றில் பட்டதற்கு அடையாளம் அது. அப்படிப் பட்டால் பல மணி நேரம் அசையாமல் காத்திருக்க வேண்டும். மான் பக்கத்திலேயே எங்காவது படுத்துவிடும். அவர் பத்தாவது நிமிஷமே பின்னால் போனார். படுத்திருந்த மான் எழுந்து ஓடியது. இரண்டு நாள் தேடினார். கிடைக்கவே இல்லை. அந்த வருஷம் அதற்குப் பிறகு அவர் வில்லைத் தொடவில்லை.

அதன் பிறகுதான் 20 கஜம் என்று ஒரு கோடு போட்டுக்கொண்டார். பயிற்சியையும் மாற்றினார். முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஐம்பது அம்பு விடுவார். இப்போது காலையில் எழுந்ததும், உடம்பு சூடாவதற்கு முன், ஒரே ஒரு அம்பு. அது எங்கே விழுகிறதோ அதுதான் அன்றைய மார்க். மலையில் இரண்டாவது அம்புக்கு யார் இடம் கொடுக்கப்போகிறார்கள்?

20 கஜத்துக்குள் ஒரு எல்க்கை வரவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கண்ணை ஏமாற்றலாம், காதையும் ஏமாற்றலாம். அதன் மூக்கை ஏமாற்ற முடியாது. அதனால் சின்ன டப்பாவில் பவுடர் வைத்திருப்பார். அடிக்கடி ஒரு சிட்டிகை தூவி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். மலையில் விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். அப்போது மானுக்குக் கீழே நிற்க வேண்டும். வெயில் ஏறியதும் காற்று மேலே போக ஆரம்பிக்கும். அதற்குள் இவரும் மேலே போயிருக்க வேண்டும். அந்த மாறுகிற அரைமணி நேரத்தில்தான் பல வேட்டைகள் கெட்டுப்போகின்றன.

அப்புறம் குரல். ஆண் எல்க்கின் கூவலைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அடித்தொண்டையில் தொடங்கி, கீச்சென்று உச்சிக்குப் போய், உறுமலில் முடியும். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம்! பெண் மானின் மெல்லிய குரலை வாயில் வைத்து ஊதும் சின்னக் கருவியால் எழுப்பினால், ஆண் தேடிக்கொண்டு வரும். ஆனால், குரல் வந்த இடம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றுவிடும். ‘பெண்ணைக் காணோமே’ என்று யோசிக்கும்.

இந்தமுறை நடந்ததும் அதுதான். தனியாகப் போனவர், நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுத்துவிட்டார். 35 கஜத்தில் ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே அது நின்றது. அவரும் நின்றார். மூன்று நிமிஷம் இருக்கலாம். பிடரியில் காற்று பட்டதை உணர்ந்தார். அடுத்த நொடி, மானின் தலை உயர்ந்தது. அங்கே வெறும் மரங்கள்தான் மிச்சம்.

மறுநாள் இருட்டு பிரியுமுன் அதே சரிவுக்குப் போனார். இரண்டு முறை குரல் கொடுத்தார். உடனே வில்லை எடுத்துக்கொண்டு, சருகு சத்தமில்லாமல் 20 கஜம் முன்னே நடந்தார். பெரிய மரம் ஒன்றின் முன்னால், அதன் நிழலில் முட்டி போட்டு உட்கார்ந்தார். பவுடர் கீழ்நோக்கி மிதந்து போனது. மேலேயிருந்து ஒரு கூவல் கேட்டது.