கூடம் கோணலாயின்

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்னும் பழமொழியை அறியாதார் நம்முள் இலர். தோற்றவர் தம் திறக்குறையை மறைக்கக் கருவியின்மீது பழி சுமத்தும் இயல்பை எள்ளி நகையாட எழுந்த மொழி அது. ஆசிரியர்களாகிய நாமும் அதனை மாணவர்க்கு அடிக்கடி எடுத்துரைக்கிறோம். ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. கூடம் உண்மையாகவே கோணலாக இருந்தால் என் செய்வது? கூடத்தை அளந்து பாராமலே ஆடியவளைக் குறை கூறுதல் அறமாகுமா?

போட்டி விளையாட்டுகளில் கருவிகளுக்கு விதி வேண்டுமா என்னும் வாதம் இவ்வினாவிலிருந்தே பிறக்கிறது. பலகையை அடிப்படையாகக் கொண்ட விளையாட்டுகளில் உலகம் இதற்கு இருவேறு விடைகளைத் தந்திருக்கிறது. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற பாய்ப்பலகைப் போட்டி, போட்டியாளர் அனைவரும் ஒரே வகைப் பலகையையே செலுத்த வேண்டும் என்னும் நெறியை ஏற்றது. 2021இல் தோக்கியோவில் முதன்முறையாக ஒலிம்பிக்கில் புகுந்த அலைச்சறுக்கோ, பலகையின் வடிவை வீரரின் விருப்பத்திற்கே விட்டது. 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டி நடைபெற்ற மாமல்லபுரக் கடற்கரைக்கும் வீரர்கள் தத்தம் உடலுக்கும் அலைக்கும் ஏற்ற பலகைகளோடுதான் வந்தனர். ஒன்று சமன்மையைப் போற்றுகிறது. மற்றொன்று தனித்தன்மையைப் போற்றுகிறது.

கடலலையைக் காணாத லாபிஸ் வட்டாரத்து மாணவர்க்கு நெருங்கிய பலகை ஒன்று உண்டு. அது கேரம் பலகை. இவ்விளையாட்டு மேற்கூறிய இரண்டு விடைகளையும் இணைத்துக் கொண்டிருப்பது வியப்பிற்குரியது. பலகையும் காய்களும் அனைவர்க்கும் பொது; விரலால் சுண்டும் ஸ்டிரைக்கர் மட்டும் ஆடுவோரின் சொந்தப் பொருளாக இருக்கலாம். அச்சொந்தப் பொருளுக்கும் எல்லை உண்டு.

1988இல் சென்னையில் தோன்றிய அனைத்துலகக் கேரம் சம்மேளனத்தின் விதிகளை நோக்குவோம். ஆடுதளம் 73.5 முதல் 74 சென்டிமீட்டர் வரை பக்கமுள்ள சதுரம். காய் ஒன்றின் எடை 5 முதல் 5.5 கிராம். ஸ்டிரைக்கரின் எடை 15 கிராமை விஞ்சலாகாது. அதன் விட்டம் 4.13 சென்டிமீட்டரைக் கடக்கலாகாது. உலோகத்தால் ஆனதாகவும் இருத்தல் கூடாது. மூலைக்குழியின் விட்டமோ ஏறத்தாழ 4.45 சென்டிமீட்டர்.

இவ்வெண்களை வெறும் கணக்கென்று தள்ளிவிடலாகாது. ஸ்டிரைக்கரைவிடக் குழி சற்றே பெரிது. ஆதலின் காயைத் தொடர்ந்து ஸ்டிரைக்கரும் குழிக்குள் விழுந்து, தண்டமாக ஈட்டிய காயைத் திரும்ப வைக்கும் நிலை நேரலாம். குழியினும் பெரிய ஸ்டிரைக்கர் ஒன்றைக் கடையில் வாங்கிவர இசைவு இருப்பின் அவ்வச்சம் அற்றுப்போகும். அளந்து சுண்டும் விரலுக்கும் வேலை இராது. பொருள் கொடுத்து அபாயத்தை விலக்கிக் கொள்வதை விதி தடுக்கிறது. விதி காப்பது பலகையை அன்று. பயிற்சியின் மதிப்பையே ஆகும்.

பிற விளையாட்டுகளும் பட்டறிந்தே இம்முடிவிற்கு வந்தன. 2009இல் ரோம் நகரில் நடந்த உலக நீச்சற் போட்டியில் 43 உலகச் சாதனைகள் நிகழ்ந்தன. நீந்தியவர் வென்றாரா, அணிந்த செயற்கை ஆடை வென்றதா என்னும் ஐயம் எழவே, 2010 தொடக்கத்திலிருந்து அவ்வாடைகள் விலக்கப்பட்டன. 2020இல் உலகத் தடகள அமைப்பு ஓட்டக் காலணியின் அடிப்பகுதித் தடிப்புக்கு 40 மில்லிமீட்டர் என எல்லை வகுத்தது. போட்டியில் அணியும் காலணி கடையில் எவரும் வாங்கக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்றும் அப்போது கூறிற்று. கருவி சமமாயிருப்பது மட்டும் போதாது. அஃது எல்லார் கைக்கும் எட்ட வேண்டும் என்னும் உண்மையை அவ்விதி உணர்ந்திருந்தது.

நம் பள்ளிப் போட்டிகளில் மறக்கப்படுவது இவ்வுண்மையே. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் காற்றின் ஈரம் ஒட்டுப்பலகையைப் பொருமச் செய்கிறது. தோட்டப்புறப் பள்ளி ஒன்றில் நான் கண்ட கேரம் பலகை நடுவில் தாழ்ந்தும் ஓரத்தில் உயர்ந்தும் கிடந்தது. பவுடரை எவ்வளவு தூவினாலும் காய் பாதி வழியில் நின்றுவிடும். அதில் பழகிய மாணவன் ஒருவன் முழு வலிமையோடு சுண்டக் கற்றிருந்தான். வட்டாரப் போட்டியில் விதிப்படி அமைந்த வழவழப்பான பலகை அவன்முன் வைக்கப்பட்டது. அவன் சுண்டிய காய்கள் குழியின் விளிம்பில் மோதித் திரும்பின. ஸ்டிரைக்கர் மீண்டும் மீண்டும் குழியில் விழுந்தது. முதற்சுற்றிலேயே தோற்றான். அங்கே எந்த விதியும் மீறப்படவில்லை. எனினும் நீதி நடந்தது என்று கூற என் நெஞ்சம் இசையவில்லை.

"எப்பலகையிலும் ஆடவல்லவனே வல்லவன், புதிய சூழலுக்கு இசைவதும் திறமையன்றோ?" என்பார் உளர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நல்ல பலகையில் பழகியவனுக்கு அன்று இசைய வேண்டிய தேவையே எழவில்லை. ஒருவனுக்கு மட்டும் வைக்கப்படும் கூடுதல் தேர்வைத் திறமைத் தேர்வு என்பது பொருந்தாது. போட்டி நாளில் மட்டும் சமமாக இருக்கும் கருவி, அதற்கு முந்தைய நாள்களின் சமமின்மையை மறைக்கும் திரையாகிவிடுகிறது.

ஆகவே விதி வேண்டும். விதியோடு வாய்ப்பும் வேண்டும். போட்டிச் சுற்றறிக்கையிலேயே பலகை, காய், ஸ்டிரைக்கர் ஆகியவற்றின் அளவுகள் அறிவிக்கப்படல் வேண்டும். நடுவர் மேசையில் சிறு தராசும் அளவுகோலும் வைத்து, எப்பள்ளி மாணவராயினும் அவர்தம் ஸ்டிரைக்கரை அளத்தல் வேண்டும். ஆட்டத்திற்கு முன் ஒவ்வொரு மாணவருக்கும் போட்டிப் பலகையில் பழகச் சிறிது நேரம் தரல் வேண்டும். போட்டி முடிந்தபின் அப்பலகைகளைப் பூட்டி வைக்காமல், நல்ல பலகையில்லாப் பள்ளிகளுக்கு முறைவைத்து அனுப்புதல் நன்று. இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. பள்ளிகளும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் மனம் ஒன்றினாற் போதும்.

எளிய குடும்பத்துப் பிள்ளைகள் இவ்விளையாட்டில் எட்டிய உயரத்தை நாம் அறிவோம். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையரானார். ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அவ்வெற்றிக்கு அவருடைய உழைப்பே வேர். ஆயினும் அவ்வேர் ஊன்றப் பயிற்சிப் பலகை ஒன்று வேண்டியிருந்தது. நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகளின் விரல்களிலும் அத்தகைய ஆற்றல் உறங்கிக் கிடக்கலாம். போட்டிக்கு அவர்களை அனுப்புமுன், அவர்கள் பழகும் பலகையின்மீது ஓர் அளவுகோலை வைத்துப் பார்ப்பது ஆசிரியர் கடன்.