கட்டைவிரல்

ஓசூர் சிப்காட் பகுதியில், ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்தபின் தொழிலாளர் கூடி ஆடும் திடல் ஒன்றுண்டு. இருபுறம் இரு கம்பங்கள், நடுவே ஒரு வலை, தரையில் சுண்ணாம்புக் கோடு – அவ்வளவே அதன் ஆடம்பரம்! தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் அங்கே ஒரே பந்தின் பின்னால் ஓடும். அத்திடலில் கைப்பந்துப் பயிற்சி தருபவர் நம் இளமைக்காலத் தோழர். மாநிலப் போட்டிகளில் வெற்றிக் கோப்பை ஏந்தியவர். ஆட்டத்தின் பேரால் ஆலையில் வேலை பெற்றவர். முழங்கால் தேய்ந்தபின் ஊதலைக் கையிலெடுத்தவர்.

அண்மையில் அவரைக் காணச் சென்றிருந்தோம். புதிதாக வந்த சிறுவன் ஒருவனின் விரல்களைப் பிடித்து, விரித்து, வளைத்து, இரு கட்டைவிரல்களும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும்படி அமைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ளங்கையில் பந்து படக்கூடாது, தம்பி. விரல்கள் வாங்கவேண்டும், கட்டைவிரல் தாங்கவேண்டும்."

வலையருகே நின்று பந்தை உயர்த்தித் தருபவரை லிஃப்டர் என்பர். அடிப்பவருக்குக் கைதட்டல், எடுத்துத் தருபவருக்குக் கட்டைவிரல் வலி! நம் தோழர் ஆடிய காலமெல்லாம் அந்த வேலையைத்தான் செய்தார்.

கட்டைவிரல் என்றதும் நம் எண்ணம் வேறிடம் ஓடிற்று. சிறந்த ஆட்டக்காரருக்கு 1961 முதல் அர்ச்சுனன் பெயரால் விருது தருகிறது இந்திய அரசு. கைப்பந்தில் அதை அந்த முதலாண்டிலேயே பெற்றவர் ஏ. பழனிசாமி. பயிற்சியாளருக்கு 1985 முதல் துரோணாச்சாரியார் பெயரால் விருது. தமிழ்நாட்டின் ஜி. இ. ஸ்ரீதரன் 1982-இல் முன்னதைப் பெற்றார். 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினார். பின்னர் இந்திய அணிக்கே பயிற்சியாளராகி, 2007-இல் பின்னதையும் பெற்றார். ஆடியும் சிறந்தார், ஆடவைத்தும் சிறந்தார். அவர் தகுதியில் எவருக்கு ஐயம்? நமக்கு ஐயம் விருதின் பெயரில்!

வேடர்குலத்து ஏகலைவனுக்கு வில்வித்தை கற்பிக்க மறுத்தவர் துரோணர். தானே கற்றுத் தேர்ந்தான் அவன். கற்பிக்காத கல்விக்குக் கட்டணமாகக் கட்டைவிரலைக் கேட்டார் குரு! கதைதான், நடந்ததென்று நாம் நம்பவில்லை. ஆனால் பெயர் சூட்டியவர்கள் கதையிலிருந்துதானே எடுத்தார்கள்? விரலைக் கேட்டவர் பெயர் பயிற்சியாளருக்கு. அதனால் பயன்பெற்றவன் பெயர் ஆட்டக்காரருக்கு. விரலைக் கொடுத்தவன் பெயர்? ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்தால், அங்கே கருநாடக அரசு தன் விளையாட்டு வீரர்க்கு ஏகலைவன் பெயரால் விருது தருகிறது! ஓசூர் எல்லைக்கு அப்பால் நினைவுக்கு வந்த பெயர், டெல்லிக்கு மட்டும் மறந்துபோனதேனோ?

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இன்னொரு ஆச்சாரியாரும் உண்டு. 1953-இல், அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் தீட்டினார் இராசகோபாலாச்சாரியார். நாடு கொதித்தது, 1954-இல் அவர் பதவி போயிற்று, திட்டமும் போயிற்று. கைப்பந்து அறியாத திட்டம் அது! எதிரணியிடமிருந்து சர்வீஸை வென்றதும், களத்தில் நிற்கும் அறுவரும் கடிகார முள்போல் ஓரிடம் நகரவேண்டும். முன்வரிசையில் நின்றவர் பின்னே வருவார். பின்னே நின்றவர் முறை வந்ததும் முன்னே செல்வார். இது என் பாட்டன் நின்ற இடம் என்று எவரும் வேலி போட முடியாது.

ஆனால் அந்த விதி சுண்ணாம்புக் கோடு வரைதான். கோட்டுக்கு வெளியே நடந்ததை நாம் மறைப்பதற்கில்லை.

கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் போட்டி. நாம் வென்றோம். ஆட்டம் முடிந்து மோர் தந்தனர். நமக்கெல்லாம் குவளையில், நம் தோழருக்கு மட்டும் கையைக் குவிக்கச் சொல்லி மேலிருந்து ஊற்றினர். அவர் எடுத்துத் தந்த பந்துகளை அடித்துத்தான் நாம் வென்றோம். ஆயினும் குவளையை ஒருவரும் கீழே வைக்கவில்லை. கருஞ்சட்டை அணிந்த தோள் நமது. மேடைதோறும் சாதி ஒழிக என்று முழங்கிய வாய் நமது. அன்று அந்த வாய் மோரைத்தான் விழுங்கிற்று! அடுத்த ஞாயிறு அவர் ஆட வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வேறோர் அணியில் சேர்ந்தார். அங்கேதான் மாநில வீரரானார்.

திடலில் இருட்டத் தொடங்கியது. விருதுகளைப் பற்றி நாம் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த சிறுவன், "சார், அந்த விருதை உங்களுக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா?" என்றான்.

தோழர் சிரித்தார். "கொடுக்கட்டும், பார்ப்போம். நான் உன்னிடம் குருதட்சிணை கேட்கமாட்டேன், தம்பி. கட்டைவிரல் நகத்தை மட்டும் நாளைக்கு வெட்டிக்கொண்டு வா!"

சிறுவர்கள் சிரித்து ஓய்ந்தபின், அந்தச் சிற்றூர்ப் போட்டியைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தோம். இத்தனை ஆண்டுகளாய்ச் சொல்லாததை அன்றாவது சொல்லிவிட எண்ணினோம். அவர் நம்மை ஒருமுறை பார்த்தார். பிறகு ஊதலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, சர்வீஸ் போடும்படி சிறுவனுக்குக் கைகாட்டினார்.