எச்சரிக்கை விளக்கு

ஈப்போவில் அன்று சனிக்கிழமை மாலை. அப்போதுதான் மழை விட்டிருந்தது. சந்தையிலிருந்து திரும்பிய தந்தை, வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் இரண்டு மஞ்சள் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒன்றில் ‘ஏ.பி.எஸ்.’ என்ற எழுத்துகள். மற்றொன்றில் வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி.

மறுநாள் காலையில் அவர் தானா ராத்தாவுக்குச் சென்று தம் தாயாரை அழைத்து வரவேண்டும். திங்கட்கிழமை பாட்டிக்கு ஈப்போ மருத்துவமனையில் கண்புரை அறுவைச் சிகிச்சை. அந்த நாளுக்காகப் பாட்டி பல மாதங்கள் காத்திருந்தார். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் வளைவுகள் அதிகம். திரும்பி வரும்போது நெடுந்தூரம் இறக்கம்.

“இன்றைக்கென்று பார்த்துத்தானா இந்த விளக்கு எரியவேண்டும்! பட்டறையைக்கூட அடைத்துவிட்டார்கள்,” என்று சலித்துக்கொண்டார் தந்தை.

படிவம் நான்கில் பயிலும் மகள், காரின் கையேட்டை எடுத்து வந்தாள். “அப்பா, முதலில் விளக்கின் நிறத்தைப் பார்க்கவேண்டும். சிவப்பு எரிந்தால் கைபிரேக் போடப்பட்டிருக்கலாம். பிரேக் எண்ணெய் குறைந்திருக்கலாம். அல்லது பிரேக்கிலேயே பெரிய கோளாறு இருக்கலாம். கைபிரேக்கை எடுத்த பிறகும் சிவப்பு அணையாவிட்டால் காரை ஓட்டவே கூடாது. நமக்கு எரிவது மஞ்சள்.”

இருவரும் ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்கினர். அவர்களுடையது பெட்ரோல் இயந்திரமும் மின்மோட்டாரும் கொண்ட ஹைப்ரிட் கார். இத்தகைய கார் ஓசையின்றி நின்றாலும் இயங்கும் நிலையில் இருக்கக்கூடும். அதனால், தந்தை விசையை அணைத்துவிட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தார். முன்மூடியைத் திறந்ததும் ஆரஞ்சு நிறக் கம்பிகள் தெரிந்தன. “அவற்றில் உயர் மின்னழுத்தம் பாயும். அருகில்கூடக் கை போகக்கூடாது,” என்று எச்சரித்தார்.

பிரேக் எண்ணெய்க் குப்பியில் எண்ணெய் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில் இருந்தது. கசிவு எதுவும் தென்படவில்லை. அடுத்து, பின்பகுதியில் இருந்த சிறிய மின்கலத்தை மல்டிமீட்டரால் அளந்தனர். 12.5 வோல்ட் காட்டியது. இந்த மின்கலம் வலுவிழந்தால், வேறு கோளாறு இல்லாமலேயே பல விளக்குகள் எரிவதுண்டு. ஆனால், இங்கே அதுவும் காரணமில்லை.

“ஒரே கோளாறுக்கு ஏன் இரண்டு விளக்குகள் எரிகின்றன, அப்பா?” என்று மகள் கேட்டாள்.

“நம் காரில் பிரேக்கை மிதித்தால் இரண்டு வேலைகள் நடக்கும், அம்மா. மோட்டார், மின்னாக்கியாக மாறி, ஓடும் வேகத்தை மின்சாரமாக்கிப் பெரிய மின்கலத்தில் சேர்க்கும். மீதி வேகத்தைப் பிரேக் பட்டைகள் குறைக்கும். எவ்வளவு வேலையை எதற்குக் கொடுப்பது என்பதைக் கணினிதான் முடிவு செய்யும். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை அது அறிந்திருக்கவேண்டும். அந்தத் தகவல் கிடைக்காவிட்டால், அதை நம்பியிருக்கும் பிரிவுகள் எல்லாம் எச்சரிக்கும்.”

தந்தை சாவியை எடுத்து வந்து, சுக்கானுக்குக் கீழே 16 முனைகள் கொண்ட செருகுவாயில் குறியீடு படிக்கும் சிறு கருவியைச் செருகினார். கைப்பேசித் திரையில் ‘சி’ என்ற எழுத்தில் தொடங்கும் குறியீடு ஒன்று தோன்றியது. இடப்புறப் பின்சக்கரத்தின் வேக உணரியிலிருந்து தகவல் வரவில்லை என்பதே அதன் பொருள்.

திரையின் அடியில் ‘அழி’ என்ற பொத்தானும் இருந்தது. தந்தை அதை அழுத்தினார். இரண்டு விளக்குகளும் அணைந்தன. அவர் முகம் மலர்ந்தது. “பார்த்தாயா, சரியாகிவிட்டது! நாளைக்குப் புறப்படலாம்.”

மகள் தயங்கினாள். “விளக்குதான் அணைந்தது, அப்பா. நாம் இன்னும் எதையும் பழுதுபார்க்கவில்லையே?”

தந்தை பதில் சொல்லவில்லை. பிரேக்கை மிதித்துப் பார்த்தார். அது உறுதியாகவே இருந்தது. தெருமுனைவரை மெதுவாக ஓட்டினார். திரும்பி வருவதற்குள் இரண்டு விளக்குகளும் மீண்டும் எரிந்தன.

காரை அணைத்துவிட்டு, இடப்புறப் பின்சக்கரத்தின் அருகே குனிந்து கைவிளக்கை அடித்துப் பார்த்தனர். உணரியிலிருந்து செல்லும் மெல்லிய கம்பியை எலி கடித்திருந்தது. உள்ளிருந்த செம்பு பளபளத்தது.

“நாடாவைச் சுற்றிவிட்டால் நாளைக்கு மட்டும் தாங்காதா?” என்று தந்தை முணுமுணுத்தார். பிறகு அவரே தலையை அசைத்துக்கொண்டார். சாதாரண பிரேக் வேலை செய்யும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால், ஏ.பி.எஸ். செயல்படாவிட்டால், ஈரச் சாலையில் திடீரென மிதிக்கும்போது சக்கரங்கள் சுழலாமல் இறுகிவிடலாம். அப்போது சுக்கானைத் திருப்பினாலும் கார் திரும்பாது. அந்த இறக்கத்தில், மழையில், அருகில் தாயாரை உட்கார வைத்துக்கொண்டு அந்தச் சோதனையை அவர் செய்யத் தயாராக இல்லை.

அன்றிரவே பாட்டியைத் தொலைபேசியில் அழைத்தார். “அம்மா, காரில் வந்து அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது பேருந்தில்தான் வரமுடியும்,” என்றபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

“அதனாலென்னப்பா? நீ பத்திரமாக வந்தால் போதும்,” என்றார் பாட்டி.

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகனும் பேருந்தில் ஈப்போ வந்து சேர்ந்தனர். திங்கட்கிழமை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. செவ்வாய்க்கிழமை பட்டறைக்காரர் வீட்டுக்கே வந்தார். மகள் எழுதி வைத்திருந்த குறியீட்டையும் கடிபட்ட கம்பியையும் பார்த்தார். “இடத்தையே காட்டிவிட்டீர்கள். எனக்குத் தேடும் வேலை மிச்சம்,” என்று பாராட்டிவிட்டு, உணரியைக் கம்பியோடு மாற்றினார்.

தந்தை காரை மீண்டும் தெருமுனைவரை ஓட்டிச் சென்றார். ஒரு கண்ணில் கட்டுடன் வாசலில் அமர்ந்திருந்த பாட்டியின் பக்கத்தில் மகள் காத்திருந்தாள். கார் திரும்பி வந்து நின்றதும் ஓடிச்சென்று உள்ளே எட்டிப் பார்த்தாள். இம்முறை எந்த விளக்கும் எரியவில்லை.

“இப்போதுதான் சரியாகியிருக்கிறது,” என்றார் தந்தை.