மறதி என்னும் கொடை

ஊரார் கண்ணில் படாமல் எந்தக் குழந்தையும் வளர்வதில்லை. கடைத்தெருவில் அடம்பிடிக்கும், தெருவில் விழுந்து அழும், புத்தாடையில் சேறு பூசிக்கொண்டு நிற்கும். காண்போர் சிரிப்பர், கடந்து போவர், மறுநாள் மறந்தும் போவர். பிள்ளைப் பருவத்துக்கு உலகம் அளித்த பெருங்கொடை இந்த மறதி. இன்று நம் கையிலுள்ள கைபேசி அந்தக் கொடையைப் பறித்துக்கொண்டிருக்கிறது.

அண்மையில் ரெயிலில் பயணம் செய்துகொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் ஐந்து வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி, பசியோ உறக்கமோ, கால்களை உதைத்து அழுதுகொண்டிருந்தாள். அருகில் நின்ற இளைஞர் ஒருவர் கைபேசியை நீட்டிப் படம்பிடிக்கத் தொடங்கினார். அழுகையை நிறுத்த இயலாத சிறுமி, முகத்தை மட்டும் தாயின் முந்தானைக்குள் புதைத்துக்கொண்டாள்.

"தம்பி, பிள்ளையைப் படம் எடுக்காதீங்க" என்றார் தாய்.

"பொது இடம்தானே அம்மா, இதில் என்ன?" என்றார் இளைஞர்.

அவர் தீயவராகத் தோன்றவில்லை. வேடிக்கை என்றே எண்ணினார். நான் எடுத்துச் சொன்னபின் அதை அழித்தும் விட்டார். ஆயினும் அவர் கேட்ட கேள்விக்கு விடை காண வேண்டும் அன்றோ?

பொது இடத்தில் நிற்பவரை எவரும் காணலாம். ஆனால் கண்டதையெல்லாம் எடுத்துச் செல்லலாம் என்பதில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017-ஆம் ஆண்டு ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. பொது இடத்தில் இருப்பதனாலேயே ஒருவர் அவ்வுரிமையை இழந்துவிடுவதில்லை என்று நீதிபதி சந்திரசூட் அத்தீர்ப்பில் எழுதினார். குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்பதை 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு கூறுகிறது. 1992-இல் இந்தியாவும் அதில் இணைந்தது.

சட்டம் நிற்க. ஒரு முகத்தின் கதையைப் பாருங்கள். 1984-இல் பாகிஸ்தானின் பெஷாவர் நகரை அடுத்த அகதி முகாமில், ஏறத்தாழப் பன்னிரண்டு வயது ஆப்கானியச் சிறுமியை ஸ்டீவ் மெக்கரி என்பவர் படம் எடுத்தார். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டையில் அது வெளிவந்தது. அப்பச்சை விழிகளை உலகமே அறிந்தது; அவள் பெயரை அறியவில்லை. 2002-இல் தேடிக் கண்டபோதுதான் சர்பத் குலா என்னும் பெயர் தெரிந்தது. அதுவரை அவர் தம் படத்தைக் கண்டதே இல்லை. அந்நியர் ஒருவர் படம் எடுத்ததால் அன்று தமக்குக் கோபம் வந்தது என்றார். அகதிகளின் துயரை அப்படம் உலகுக்கு உணர்த்தியது மெய்யே. ஆனால் அவ்விழிகளில் இருந்தது சினமும்தான் என்பதைப் பார்த்தவருள் எத்தனை பேர் அறிந்தனர்?

அன்று அதற்கு ஒரு புகைப்படக் கலைஞரும் ஒரு பத்திரிகையும் தேவைப்பட்டன. இன்று ரெயிலில் நிற்கும் எவரும் ஒரு நொடியில் அதைச் செய்துவிடலாம். ஐந்து வயதில் அழுத அழுகை, இருபது வயதில் வேலை தேடும்போதும் மணம் பேசும்போதும் முன்னே வந்து நிற்கலாம். பெரியவர் ஆயின் தடுப்பார், வழக்காடுவார். குழந்தைக்குத் தெரிந்த மறுப்பெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வது ஒன்றே.

ஆகவே, அன்பர்களே, பிறர் பிள்ளையின் அழகு கண்ணைக் கவர்ந்தால் கண்குளிரக் காண்போம். படம் வேண்டுமெனில் பெற்றோரைக் கேட்போம். பேசத் தெரிந்த பிள்ளையானால் பிள்ளையையும் கேட்போம். அது முகத்தைத் திருப்பிக்கொண்டால், கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிடுவோம்.