காட்டுக்குள் இருக்கும் ஊர்கள்



மாரி விடுமுறையில் கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக்கு வானில் போனோம். பரந்தன் வழி கிட்ட. ஆனாலும் பிள்ளைகளுக்குக் காட்டவென்றே மாங்குளம் வழியைப் பிடித்தோம்.

முதலில் இரணைமடு. 1902இல் தொடங்கிய குளவேலை 1920இல்தான் முடிந்தது. 1930களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கியவர்கள் மலேரியாவோடும் யானையோடும் மல்லுக்கட்டினார்கள். அந்தக் கதையைச் சொல்லி முடிக்க முறிகண்டி வந்துவிட்டது. கச்சான் வாங்கினோம்.

மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காட்டுக்கு நடுவே திடீரென்று புல்வெளி விரியும். மழைக்குப் பச்சைப்பசேல் என்றிருந்தது. மயில்கள் றோட்டைக் கடந்தன. மேயும் மாடுகளுக்குப் பக்கத்தில் கொக்குகள். ஓரிடத்தில் யானை லத்தி புதிதாய்க் கிடந்தது. சாரதி ஹோன் அடிக்காமல் மெதுவாய்ப் போனார்.

ஒட்டுசுட்டானை அண்டிய கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் நினைவுக்கல். 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவர், ஒக்டோபர் 31இல் அந்தப் பகுதியில் ஆங்கிலேயப் படையிடம் தோற்றார்.

"இதெல்லாம் எப்பவும் காடா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. வாப்பாமார் பதில் சொன்னார்கள். "பத்தைக்குள் மாமரம், புளி, தென்னை, கிணற்றுக்கட்டு கண்டால் அது காடில்லை மகன், ஊர். வரம்பு மேடு தெரிகிற புல்வெளி, வயல்."

தண்ணீரூற்று, நீராவிப்பிட்டிப் பக்கம் அதை நாமே பார்த்தோம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நம் குடும்பங்களும் புத்தளம் போயின. 2009இல் நம் தமிழ் உறவுகளும் இந்த மண்ணை விட்டு நடந்தார்கள். இருபது வருடம் ஆளில்லாத நிலத்தில் மரம் முளைக்கும், யானை வரும். அது யானையின் குற்றமில்லை. ஆனால் திரும்பி வந்தவரிடம் "இது காடு" என்று சொன்னால், அவரிடம் காட்ட என்ன இருக்கிறது? உறுதி எரிந்திருக்கலாம். கிணறு இருக்கிறது, நினைவு இருக்கிறது.

காடும் வேண்டும், யானைக்கு வழியும் வேண்டும், நமக்கு வயலும் மாட்டுக்கு மேய்ச்சல் தரையும் வேண்டும். எது எங்கே இருந்தது என்று தெரிந்தவர்கள் மூத்தவர்கள்தான்; அவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறைக்குள் உங்கள் வாப்பாவையோ அப்பப்பாவையோ கூட்டிக்கொண்டு காணிக்குப் போங்கள். குளம், வாய்க்கால், கிணறு, ஒழுங்கை எல்லாவற்றின் பெயரையும் பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும். இன்ஷா அல்லாஹ், பாடசாலை தொடங்கியதும் வகுப்பில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு படமாய் வரைவோம்.