ரிமோட் ஸ்டார்ட்டர்: மறந்ததா, மறுக்கிறதா?

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். நான் படிக்கிற வின்னிபெக்கில் ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 டிகிரி ரொம்ப சாதாரணம். மைனஸ் 30-ம் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். காலையில் காருக்குள் உட்கார்ந்தால் சீட் மரப்பலகை மாதிரி இருக்கும். அதனால் வீட்டுக்குள் இருந்தபடியே பட்டனை அழுத்தி எஞ்சினைக் கிளப்ப, ரிமோட் ஸ்டார்ட்டர் என்ற சாதனத்தைப் பலர் தனியாக வாங்கி மாட்டியிருப்பார்கள். இங்கே அது சொகுசு இல்லை மக்களே, ஸ்வெட்டர் மாதிரி.

இதைப் பற்றி அடிக்கடி காதில் விழும் புலம்பல்: "பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், அப்புறம் ரிமோட்டில் ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்குது." உடனே தீர்ப்பும் வந்துவிடும்: "கரண்ட் போனதில் எல்லாம் மறந்துபோச்சு, புதுசு மாத்திடு." கடிகாரம் மறக்கும், சரி. ஆனால் பெரும்பாலான ஸ்டார்ட்டர்கள் தங்கள் ரிமோட்டின் அடையாளத்தைக் கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில்தான் வைத்திருக்கும். பல சமயம் அது மறக்கவில்லை, மறுக்கிறது! இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

அறிகுறியைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

ரிமோட்டுக்குக் கதவுப் பூட்டுகூட அசையவில்லையா? ரிமோட்டின் பேட்டரியையும் ஸ்டார்ட்டரின் ஃப்யூஸையும் பாருங்கள்.

எஞ்சின் கிளம்பி ஓரிரு நொடியில் அணைகிறதா? இம்மொபிலைசர் மேல் சந்தேகப்படலாம். கனடாவில் 2007 செப்டம்பர் 1 முதல் புது கார்களில் இது கட்டாயம். சாவியில் இருக்கும் சிப்பைக் கண்டால்தான் எஞ்சினை ஓடவிடும். சாவி இல்லாமல் கிளப்ப ஒரு பைபாஸ் மாட்யூல் வைத்திருப்பார்கள். அது பாடத்தை மறந்திருந்தால் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகும் ஸ்டார்ட்டர் மோட்டார் கரகரவென்று சுற்றுகிறதா? எஞ்சின் வேகத்தை அறியும் செட்டிங்கைப் புதிதாகப் பதிய வேண்டும்.

கதவெல்லாம் ஒழுங்காகப் பூட்டித் திறக்கிறது, ஸ்டார்ட் மட்டும் இல்லையா? இதுதான் மறுப்பு. வேலே மோடில் இருக்கலாம், அல்லது ஏதோ ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

எங்கள் கீழ் வீட்டு அண்ணனின் காருக்கு வந்தது இந்தக் கடைசி வியாதி. புது பேட்டரி, மல்டிமீட்டரில் 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ். சாவி போட்டால் உடனே கிளம்புகிறது. ரிமோட்டை அழுத்தினால் பார்க்கிங் லைட் சில தடவை மின்னிவிட்டு கப்சிப். அண்ணி விடியற்காலை ஷிப்ட்டுக்குப் போகிற வழியில் கைக்குழந்தையைக் காப்பகத்தில் விடவேண்டும், அதனால் வீட்டில் ஒரே டென்ஷன். விசாரித்த கடையில் ஒருவர் சொன்ன சுலப வழி: "பானட் ஸ்விட்ச் ஒயரை வெட்டிவிடுங்கள், வேலை செய்யும்."

அவர் சொன்னது பொய்யில்லை, வேலை செய்யும். பானட் திறந்தால் அதன் கீழே இருக்கும் குட்டி பின் மேலே எழும்பி, ஒயரை கார் பாடியோடு இணைக்கும். "பானட் திறந்திருக்கிறது, கிளப்பாதே" என்பது அதன் சேதி. ஒயரை வெட்டினால் சேதியே போகாது. ஆனால் குளிர்காலம் முழுக்கக் கண்ணாடி கழுவும் திரவம் ஊற்ற பானட்டைத் திறந்தபடியே இருப்போம். கை உள்ளே பெல்ட் பக்கம் இருக்கும்போது வீட்டுக்குள் ஏதோ ஒரு பிஞ்சு விரல் ரிமோட்டை அழுத்தினால்? அந்த பின் இருப்பதே அதற்காகத்தான்.

அண்ணன் கையில் கட்டர் இருந்தது. "ஒரு நிமிஷம் இருங்கண்ணே" என்று சொல்லி மல்டிமீட்டரை வைத்தோம். பின் மேலே இருக்கும்போது பீப், சரி. கையால் அழுத்தினோம், அப்போதும் பீப்! சாலையில் தூவும் உப்பில் துருப்பிடித்து உள்ளே சிக்கியிருந்தது. பேட்டரி மாற்ற பானட்டைத் தூக்கியபோது எழும்பிய பின், மூடியபோது இறங்கவில்லை. பழி மட்டும் பேட்டரி மேல். சில டாலருக்குப் புது பின் மாட்டியதும் கார் சமத்தாகக் கிளம்பியது.

இரண்டு சம்பவங்கள் ஒரே நாளில் நடந்தால் ஒன்றுக்கு மற்றது காரணம் என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. பேட்டரியைக் கழற்றியதோடு வேறு என்னென்ன நடந்தது என்று ஒரு பட்டியல் போட்டால் போதும், தேவையில்லாமல் புதுசு வாங்கவும் வேண்டாம், எதையும் வெட்டவும் வேண்டாம்.

பி.கு. 1: பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். உறைந்துபோன பேட்டரியை சார்ஜ் செய்யவே கூடாது, வெடிக்கலாம்.

பி.கு. 2: கார் மூடிய கராஜுக்குள் இருந்தால் ரிமோட்டைத் தொடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதைத் தடுக்க அந்தக் குட்டி பின்னாலும் முடியாது.