மணமாகாதவர்

பிரான்சின் தெற்கே, சேந்த் விக்த்துவார் மலையடிவாரத்தில் புய்லூபியே என்றொரு சிற்றூர். ஓவியர் செசான் திரும்பத் திரும்ப வரைந்தாரே, அதே மலைதான். அங்கே ஏறத்தாழ 40 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் பிரெஞ்சு இராணுவத்தின் வெளிநாட்டவர் படையான லெஜியோனுடையது. இந்தோசீனப் போரில் உடைந்து திரும்பியவர்களுக்காக 1950களின் முதற்பாதியில் வாங்கிய பண்ணை. இன்றும் முதியவர்களும் ஊனமுற்றவர்களும் போக்கிடமற்றவர்களுமான முன்னாள் வீரர்கள் அங்கே வாழ்கிறார்கள். முடிந்தவர்கள் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள், புத்தகம் கட்டுகிறார்கள், பீங்கானுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். ஒயின் விற்ற பணம் அந்த இல்லத்துக்கே போகிறது.

அதில் ஒரு புட்டி எங்கள் தெருவுக்கு வந்தது. புதுச்சேரியில் இது அதிசயமில்லை. பக்கத்து வீட்டு ஆயா ஒரு சொல்தாவின் மனைவி. பிரெஞ்சுப் படையில் இருந்தவரை இங்கே சொல்தா என்போம். அவர் கணவர் லெஜியோன்காரர் அல்லர், காலனியப் படையில் சைகோன் போய்வந்தவர். மார்செய்யிலிருந்து லீவுக்கு வந்த பேரன் புட்டியைத் திறந்தான். ஆயா மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஒரு கிளாஸ் குடித்தேன். நன்றாகவே இருந்தது. தமிழ்ப் பேராசிரியை இதையெல்லாம் எழுதலாமா என்பவர்கள் ஔவைக்கும் அதியமானுக்கும் இடையில் என்ன பரிமாறப்பட்டது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

புட்டியில் கேப்டன் தான்ழுவின் பெயர். 1863 ஏப்ரல் 30 அன்று மெக்சிகோவில், கமெரோன் என்னுமிடத்தில், அறுபது சொச்சம் பேரோடு பெரும்படையை எதிர்த்து நின்று இறந்தவர். அவருடைய இடது கை மரக்கை. அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 30 அன்று ஒபாஞ் நகரத் தலைமையகத்தில் அணிவகுப்பின் முன்னால் அது எடுத்துச் செல்லப்படுகிறது. தன் ஆட்களை லெஜியோன் கைவிடாது என்பது அவர்கள் பெருமை. எனக்கு அதில் கேலி இல்லை. நாட்டுக்காக நின்றவரை முதுமையில் ஏ.டி.எம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைக்கிற ஊரிலிருந்து பார்க்கையில், திராட்சைத் தோட்டமும் ஒரு கட்டிலும் பெரிய காரியம்தான்.

ஆனால் 'தன் ஆட்கள்' என்பவர்கள் யார்?

லெஜியோனில் சேருகிறவனை ஏட்டில் மணமாகாதவன் என்றே பதிகிறார்கள். ஊரில் மனைவி இருந்தாலும் அப்படித்தான். நெடுங்காலம் வேறு பெயரிலேயே சேர்த்துக்கொண்டார்கள். பிறகு கல்யாணம் செய்வதென்றால் படையின் அனுமதி வேண்டும். கடனிலிருந்தும் போலீசிலிருந்தும் தப்பி வந்தவனுக்கு இது மறுபிறவி என்று வீரசாகசக் கதைகள் கொண்டாடுகின்றன. அவன் தப்பி வந்த இடத்தில் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தவளைப் பற்றி அந்தக் கதைகளுக்கு அக்கறையில்லை. படையே தாயகம், படையே குடும்பம் என்று ஆன பிறகு முதுமை வருகிறது. அவருக்கு யாருமில்லை, பாவம் என்று இல்லம் கதவைத் திறக்கிறது. உண்மையிலேயே யாருமற்றவர்கள் அங்கே நிறைய இருந்திருப்பார்கள். ஆனால் முதல் நாளே பேனாவால் யாருமற்றவர் ஆக்கப்பட்டவர்களும் இருந்திருப்பார்களே.

இதை ஆயாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மேரியில எழுதுன அந்த ஒரு காயிதம் இல்லன்னா இன்னிக்கு எனக்கு அஞ்சு பைசா கிடையாது கண்ணு" என்றார். மேரி என்பது இங்கே நகராட்சி அலுவலகம். கோயிலில் கட்டிய தாலியை வைத்து பிரான்சு விதவை பென்ஷன் தராது. மேரியில் பதிவான திருமணத்துக்குத்தான் தரும். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறார். அவர் வீட்டுப் பொக்கிஷம் அதுதான்.

புறத்திணையில் உண்டாட்டு ஒரு துறை. ஆநிரை கவர்ந்து வந்த மறவர் கள்ளுண்டு களிப்பது. தாபதநிலையும் ஒரு துறை. கணவனை இழந்தவள் எல்லாவற்றையும் துறந்து நோற்பது. இருபது ஆண்டுகளாக இரண்டையும் வெவ்வேறு வகுப்பில் நடத்தி வருகிறேன். பாடத்திட்டம் அப்படி. மணமாகாதவன் என்று பதியப்பட்டவனின் மனைவியோ தாபதநிலைக்குள்கூட வரமாட்டாள். அவன் இறந்தானா என்று அவளுக்கு யாரும் சொல்லப்போவதில்லை.

லெஜியோனின் கதையில் ஒயினும் பெண்களும் சேர்ந்து வரும் இடம் ஒன்றுண்டு. 1954இல் வியட்நாமின் தியென் பியென் பூ முற்றுகை. உள்ளே அகப்பட்ட பிரெஞ்சுப் படைக்கு வினொழெல் என்ற ஒயின் கூழ் பாராசூட்டில் இறங்கியது. தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். கமெரோன் நாளைக் கொண்டாட, இரு தரப்புக்கும் நடுவில் விழுந்துவிட்ட வினொழெல் பெட்டிகளை லெஜியோன்காரர்கள் குண்டுகளுக்கிடையே போய் எடுத்து வந்த கதையைப் போர் வரலாற்றாசிரியர்கள் ருசித்து எழுதுகிறார்கள். அதே ஏப்ரல் 30 அன்று ழெனவியேவ் த கலார் என்ற செவிலியை முதல்நிலை லெஜியோன் வீரராகக் கௌரவித்தார்கள். விமானம் பழுதாகி உள்ளே மாட்டிக்கொண்டவர், நிலவறை மருத்துவமனையில் ஓயாமல் உழைத்தவர். அந்தக் கௌரவத்துக்கு முழுத் தகுதியுள்ளவர். முற்றுகையில் இருந்த ஒரே பெண் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. ஜூலையில் நியூயார்க் அவருக்கு ஊர்வலம் நடத்தியது.

அவர் ஒரே பெண் அல்லர். படையே நடத்திய நடமாடும் விபச்சார விடுதிகளிலிருந்த அல்ஜீரியப் பெண்களும் வியட்நாமியப் பெண்களும் அதே பதுங்குகுழிகளில் இருந்தார்கள். முற்றுகை இறுகியதும் அவர்கள் காயம்பட்டவர்களைத் துடைத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், செத்துக்கொண்டிருந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டை மே 7 அன்று வீழ்ந்தது. அந்தப் போரில் ஊனமான லெஜியோன்காரர்களுக்குப் புய்லூபியேவில் இடம் இருந்தது.